பழைய பாக்ஸ்டர் வாங்கலாமா?

கேள்வி: 2003 போர்ஷே பாக்ஸ்டர் கார் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், கம்மியா ஓடினது, பெயிண்ட் பளபளன்னு இருக்கு, ஆனா ஐஎம்எஸ் பேரிங் (எஞ்சினுக்குள்ள இன்டர்மீடியட் ஷாஃப்ட்டைத் தாங்குற பேரிங்) போச்சுன்னா எஞ்சினே காலின்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. வாங்கலாமா?

பதில் 1: பயம் நியாயம்தான், 2005 வரைக்கும் வந்த சிங்கிள் ரோ (ஒரே வரிசை குண்டு உள்ள) பேரிங்தான் அதிகம் மாட்டுது. மாத்தினதுக்கு பில் இருக்கான்னு கேளுங்க. இல்லன்னா கிளட்ச் மாத்துறப்ப கியர்பாக்ஸ் எப்படியும் இறங்கும், அப்பவே சேத்து பண்ணிடலாம்.

பதில் 2: கம்மியா ஓடினதுன்னு சந்தோஷப்படாதீங்க ப்ரோ, சும்மாவே நின்ன வண்டியில சீல், ஹோஸ், டயர் எல்லாம் காஞ்சுடும். ஆயில் ஃபில்டரை வெட்டி பாக்க சொல்லுங்க, மெட்டல் தூள் இருந்தா அப்படியே திரும்பி வந்துடுங்க. எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணணும், ஓனர் முன்னாடியே சூடாக்கி வச்சிருந்தா எனக்கு சந்தேகம்தான் வரும்.

கேள்வி கேட்டவர்: பில் கேட்டேன், எங்கயோ இருக்குங்கிறார் 😅

பதில் 1: அப்ப மாத்தலன்னே வச்சு விலையில கழிங்க.