புதிய அரசு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்: முதல் பத்தாண்டில் எதை முதலில் செய்ய வேண்டும்?

இளவேனில் (கேள்வி)

மாநிலச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவாகி ஏழாவது ஆண்டில் இருக்கும் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு வளர்ச்சித் திட்டக் குறிப்பு தயாரிக்க வேண்டும். இணைப்புக் கல்லூரிகள் சுமார் 80, மாணவர்கள் ஏறக்குறைய 40,000. சொந்த வளாகத்தில் மூன்று பி.இ. துறைகள், துறைக்கு ஆண்டுக்கு 60 இடங்கள். ஆசிரியர்களில் பெரும்பாலோர் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 12-பி தகுதி, அதாவது மத்திய நிதி பெறும் தகுதி, இன்னும் கிடைக்கவில்லை. இந்த நிலையில் வரைவுத் திட்டத்தின் பாதிப் பக்கங்கள் நிர்வாகக் கட்டடத்துக்கும் பட்டமளிப்பு அரங்கத்துக்கும் போயிருக்கின்றன.

ஆளும் பணமும் குறைவாக இருக்கும்போது எது முதலில், எது பிறகு? சொந்த வளாகப் படிப்புகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) ஒப்புதல் வேண்டுமா? இணைப்புக் கட்டணத்தையும் தேர்வுக் கட்டணத்தையும் நம்பி எவ்வளவு தூரம் போகலாம்? அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

தெற்குவாசல்

கட்டடம் காத்திருக்கட்டும் சார், முதலில் தேர்வுப் பிரிவைப் பாருங்கள். அந்த 40,000 பேரில் பெரும்பாலோர் வளாகத்துக்குள் ஒருமுறைகூட வரமாட்டார்கள். அவர்களுக்குப் பல்கலைக்கழகம் என்பது ஹால் டிக்கெட், ரிசல்ட், சான்றிதழ், இந்த மூன்றுதான். ரிசல்ட் தள்ளிப்போனால் எந்தத் தாளில் அரியர் என்று தெரியாமலே மாணவர் அடுத்த தேர்வுக்குக் கட்டணம் கட்டுவார். வேலை கிடைத்தவர் கையில் புரொவிஷனல் சான்றிதழ் இருக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு 6 எழுத்துத் தாள் என்றால் ஒரு செமஸ்டருக்கு 2.4 லட்சம் விடைத்தாள்கள். ஒருவர் நாளுக்கு 40 தாள் திருத்தினால் 6,000 ஆள்நாள். 300 பேர் வந்தால் 20 வேலைநாளில் முடியும், 150 பேர் வந்தால் 40 வேலைநாள். அரியர் தாள்கள் இதில் சேரவில்லை. தாமதம் வந்தால் மென்பொருளைக் குறை சொல்வது வழக்கம், ஆனால் பெரும்பாலும் காரணம் கல்லூரிகள் ஆசிரியர்களை விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு விடுவிக்காததுதான். எந்தக் கல்லூரி எத்தனை பேரை எத்தனை நாளுக்கு அனுப்ப வேண்டும் என்பதை இணைப்பு நீட்டிப்பு ஆணையிலேயே நிபந்தனையாக எழுதுங்கள். திருத்தியதற்கான படி, முகாம் முடிந்த வாரமே வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். பழைய பாக்கி நின்றால் அடுத்த முகாமுக்கு ஆள் வராது.

விடைத்தாளை ஸ்கேன் செய்து கணினித் திரையில் திருத்தும் முறைக்கு மாறினால் எல்லாத் தாளையும் ஒரே செமஸ்டரில் மாற்ற வேண்டாம். எண்ணிக்கை குறைவான முதுநிலைத் தாள்களில் தொடங்குங்கள். கூடுதல் தாள் தரும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, பார்கோடு அச்சிட்ட ஒரே புத்தகமாகக் கொடுங்கள். தனித்தாள்தான் ஸ்கேன் செய்யுமிடத்தில் பிரிந்து வேறொருவர் கட்டில் போய்ச் சேரும். ஸ்கேன் செய்யப் புத்தகத்தின் தையலை வெட்டும்போது ஓரத்தில் எழுதிய வரிகள் போய்விடும், ஆகவே உள்ஓரத்தில் கோடு போட்டு அச்சிடுங்கள். பக்க எண்ணிக்கை குறைந்தால் அந்தப் படிமம் திருத்துநரிடம் போகாமல் மென்பொருளே நிறுத்திவைக்க வேண்டும். பென்சில் கோடுகள் ஸ்கேனில் மங்கும், எனவே பொறியியல் வரைபடத் தாளைக் காகிதத்திலேயே திருத்துங்கள்.

வினாத்தாளை மையங்களுக்கு இணையம் வழியே அனுப்பினால் நகல் எடுக்கும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். 300 பேருக்கு 4 பக்க வினாத்தாள் என்றால் 1,200 பக்கம். நிமிடத்துக்கு 40 பக்கம் ஓடும் இயந்திரத்தில் அரை மணி நேரம். காகிதம் சிக்கினால் தேர்வு தாமதமாகும், தாமதமானால் வினாத்தாள் வேறு மையத்திலிருந்து கசியும். மையத்துக்கு இரண்டு இயந்திரங்களும் ஜெனரேட்டரும் இல்லாமல் அனுமதி தராதீர்கள்.

இன்னொன்று: யு.ஜி.சி.யின் 2008 விதிமுறைப்படி, மாணவர் தகுதி பெற்ற நாளிலிருந்து 180 நாளுக்குள் பட்டம் வழங்க வேண்டும். அரங்கம் கட்டி முடியட்டும் என்று பட்டமளிப்பைத் தள்ளக் கூடாது.

அலைவரிசை

தேர்வைப் பற்றி மேலே சொன்னதை முழுதும் ஏற்கிறேன். சட்டமும் பணியிடமும் பற்றி நான் சொல்கிறேன்.

சொந்த வளாகத்துக்கு ஏ.ஐ.சி.டி.இ. முன் ஒப்புதல் கட்டாயம் இல்லை. பாரதிதாசன் பல்கலைக்கழக வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. ஆனால் ஒப்புதல் தேவையில்லை என்றால் தரவிதி தேவையில்லை என்று பொருள் அல்ல. ஏ.ஐ.சி.டி.இ. வகுத்த தரத்தைப் பல்கலைக்கழகம் கடைப்பிடிக்க வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. இணைப்புக் கல்லூரிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது.

மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகத்துக்குப் பட்டம் வழங்கும் உரிமை தொடக்கத்திலேயே உண்டு. 12-பி என்பது வேறு. 1972 திருத்தத்துக்குப் பின் தொடங்கிய பல்கலைக்கழகம், தகுதியானது என்று யு.ஜி.சி. அறிவிக்கும்வரை மத்திய நிதி பெற முடியாது. அந்த விண்ணப்பம் தேங்குவது பெரும்பாலும் நிரந்தர ஆசிரியர் இல்லாததால். ஆகவே உங்கள் குறிப்பின் முதல் கோரிக்கை பணியிடங்களாக இருக்கட்டும்.

எத்தனை பேர்? மூன்று துறை, துறைக்கு நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 240 பேர், மொத்தம் 720. ஏ.ஐ.சி.டி.இ. விகிதம் 1:20, ஆக 36 ஆசிரியர்கள். பேராசிரியர், இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர் விகிதம் 1:2:6, அதாவது 4, 8, 24. இந்த 36-ஐ அரசாணையாக வாங்குங்கள். முப்பத்தாறையும் ஒரே ஆண்டில் நிரப்பிவிடக் கூடாது. எல்லோரும் ஒரே வயதில் சேர்ந்தால் ஒரே காலத்தில் பதவி உயர்வு கேட்பார்கள், ஒரே காலத்தில் ஓய்வும் பெறுவார்கள். மூன்று சுற்றாக நிரப்புங்கள், பேராசிரியர்கள் முதல் சுற்றில் வர வேண்டும். அவர்கள் இல்லாமல் ஆசிரியர் தேர்வுக் குழுவுக்கும் பாடத்திட்டக் குழுவுக்கும் ஒவ்வொரு முறையும் வெளியாள் தேட வேண்டியிருக்கும். எந்தப் பணியிடம் எந்தப் பிரிவுக்கு என்று காட்டும் இடஒதுக்கீட்டுச் சுழற்சிப் பட்டியலை விளம்பரத்துக்கு முன்பே ஒப்புதலோடு கையில் வைத்திருங்கள். நியமனங்கள் நீதிமன்றத்தில் சிக்குவது பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான்.

துணைவேந்தர் தேடலும் அப்படியே. கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2014-இல் தொடங்கியது. 2022 அக்டோபரில் அதன் துணைவேந்தர் நியமனத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. யு.ஜி.சி. விதி மூன்று முதல் ஐந்து பெயர் கொண்ட பட்டியலைக் கேட்கிறது, தேடல் குழு ஒரே பெயரைத்தான் தந்திருந்தது. உங்கள் மாநிலச் சட்டத்தின் வாசகம் யு.ஜி.சி. விதியோடு பொருந்துகிறதா என்று இப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள். தலைமை காலியானால் கோப்பு எதுவும் நகராது.

கணக்கர்

இணைப்புக் கட்டணம் நிரந்தர வருமானம் அல்ல. நல்ல கல்லூரிகள் முதலில் தன்னாட்சிக்குப் போகும், தேர்வைத் தாமே நடத்திக்கொள்ளும். அந்தத் தேர்வுக் கட்டணம் உங்களுக்கு வராது, ஆனால் பட்டம் அச்சிடும் பொறுப்பு உங்களிடமே இருக்கும். மாணவர் சேர்க்கை குறைந்த கல்லூரிகள் மூடப்படும்போது மிச்சமும் சுருங்கும். எனவே சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் இந்தப் பணத்தில் கட்டாதீர்கள், அவை அரசு மொத்தமாகத் தரும் தொகுப்பு மானியத்தில் நிற்கட்டும். கட்டண வருமானத்தைத் தேர்வுப் பிரிவு, ஆய்வகக் கருவி, வைப்பு நிதி ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள்.

வருமான வரியையும் கவனியுங்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றாலே வரி கிடையாது என்று நினைப்பது தவறு. விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழக வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம், கட்டணத்தால் பெரும் உபரி சேர்ந்து அரசு மானியம் மிகச் சிறு பங்காக இருந்ததால், 'பெருமளவு அரசு நிதியில் இயங்குவது' என்ற பிரிவின்கீழ் விலக்குத் தர மறுத்தது. அதற்கான வருமான வரி விதியில் அரசு மானியம் மொத்த வரவில் 50 சதவீதத்தைத் தாண்ட வேண்டும் என்று இருந்தது. உங்கள் வரவில் பாதிக்கு மேல் கட்டணம் என்றால் அறநிறுவனப் பதிவு, தணிக்கை அறிக்கை, உரிய நேரத்தில் கணக்குத் தாக்கல் என்ற வழியைக் காலம் தாழ்த்தாமல் பிடியுங்கள்.

மத்தியத் திட்டங்களில் பெரும்பாலான மாநிலங்களுக்கு 60:40 பங்கீடு. மாநிலத்தின் 40 வராமல் அடுத்த தவணை நிற்கும், பாதிக் கட்டடம் மழையில் நனையும். மாநிலப் பங்குக்கு பட்ஜெட் தலைப்பு திறந்த பிறகே டெண்டர் விடுங்கள்.

இளவேனில்

மிக்க நன்றி, வரைவை அடியோடு மாற்ற வேண்டியிருக்கிறது. ஒரு துணைக் கேள்வி: செயற்கை நுண்ணறிவு, ரோபோட்டிக்ஸ் என்று மேலும் நான்கு துறைகள் உடனே தொடங்கச் சொல்லி அழுத்தம் இருக்கிறது. தொடங்கலாமா?

அலைவரிசை

இப்போது வேண்டாம். நான்கு துறை என்றால் மேலே சொன்ன கணக்கில் இன்னும் 48 ஆசிரியர்கள். முதல் 36-க்கே ஆணை இல்லை. கேட்பவர்களுக்கு ஒரு மாற்று வழி தரலாம். இருக்கும் பி.இ. படிப்புகளிலேயே 18 முதல் 20 வரை கூடுதல் கிரெடிட்டில் மைனர் (துணைப்) பட்டமாகச் செயற்கை நுண்ணறிவைத் தர ஏ.ஐ.சி.டி.இ. மாதிரிப் பாடத்திட்டம் இடம் கொடுக்கிறது. அதற்குத் தேவை சில ஆசிரியர்களும் ஒரு கணினிக் கூடமும் மட்டுமே.

அந்த நேரத்தில் மூன்று துறைக்கும் தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.பி.ஏ.) அங்கீகாரம் வாங்குங்கள். இரண்டு அணி (பேட்ச்) மாணவர்கள் பட்டம் பெற்று வெளியேறியிருந்தால் விண்ணப்பிக்கலாம், ஏழாவது ஆண்டில் உங்களுக்கு அது பொருந்திவரும். பல்கலைக்கழகத் துறை என்பதால் முதல் அடுக்கில் (டயர்-1) விண்ணப்பியுங்கள். பொறியியல் படிப்புகளின் அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையின் பலன் அந்த அடுக்குக்குத்தான், இந்தியா அதில் 2014 முதல் நிரந்தர உறுப்பினர். பலரும் தடுமாறும் இடம் பாட இலக்கு அடைவுக் கணக்கு, அதாவது ஒவ்வொரு பாடத்தின் கற்றல் இலக்கையும் மாணவர்கள் எவ்வளவு எட்டினார்கள் என்ற கணக்கு. கடைசி மாதத்தில் உட்கார்ந்து எல்லாப் பாடத்துக்கும் ஒரே மாதிரி எண் நிரப்பியிருந்தால் குழு முதல் நாளே கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே எந்த இலக்கு என்று வினாத்தாளிலேயே குறிப்பிடுங்கள். திரையில் திருத்தும் முறை வந்துவிட்டால் வினாவாரி மதிப்பெண் தானாகவே கிடைக்கும், கணக்கும் உண்மையாக இருக்கும்.

ஆய்வுக்கு 2022 பிஎச்.டி. விதிமுறைப்படி பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை வழிகாட்டலாம். தகுதி பெற்ற 36 பேரும் இருந்தால் உச்ச வரம்பு 176. அந்த எண்ணை நிரப்பப் பார்க்காதீர்கள். ஆய்வகமும் உதவித்தொகையும் எத்தனை பேருக்கு இருக்கிறதோ அத்தனை பேரை மட்டும் எடுங்கள். கருவி வாங்கும்போதே ஐந்து ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் சேர்த்து விலை கேளுங்கள். தனியாகக் கேட்டால் மூன்றாம் ஆண்டு பட்ஜெட்டில் அது முதலில் வெட்டப்படும், கருவி துணி போர்த்திக் கிடக்கும்.