ஜவுளிக்கடையில ஸ்டூல் போட்டிருக்காங்க, ஆனா உக்கார விடுறதில்ல. தங்கச்சிக்காக கேக்குறேன்

தென்காசிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சி சென்னையில ஒரு பெரிய ஜவுளிக்கடையில சேல்ஸ்ல இருக்கா, மூணு வருஷம் ஆச்சு, கடை ஹாஸ்டல்லயே தான் தங்கியிருக்கா. கடை பேரு வேண்டாம். கோயில் கொடைக்கு ஊருக்கு வந்திருந்தா, ராத்திரி கால் வலிக்குதுன்னு சொன்னா, எண்ணெய் தேச்சு விடும்போது தான் பாக்குறேன், முட்டிக்கு பின்னாடி இருந்து கெண்டைக்கால் வரைக்கும் நரம்பு நீலமா சுருட்டிக்கிட்டு நிக்குது. வயசு 24 தான் ஆகுது. எங்க அம்மா வாழ்நாள் பூரா உக்காந்து பீடி சுத்தி இடுப்பு போச்சு, இவளுக்கு நின்னு நின்னே கால் போகுது, எனக்கு அழுகை வந்துருச்சு.

காலைல ஒன்பதரைக்கு ஃப்ளோர்ல நின்னா ராத்திரி ஒன்பதரை, நடுவுல சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். கடைல வேலை பாக்குறவங்களுக்கு உக்கார வசதி தரணும்னு சட்டம் வந்ததுக்கு அப்புறம் செக்ஷனுக்கு ஒரு ஸ்டூல் போட்டாங்களாம், ஆறு பொண்ணுங்களுக்கு ஒரு ஸ்டூல், அதுலயும் உக்காந்தா கேமரால பாத்துட்டு சூப்பர்வைசர் வந்து நிப்பாராம், "கஸ்டமர் வந்தா சோம்பேறியா தெரியும்"னு. பாத்ரூம் நாலாவது மாடில, போறதுக்கு ரெஜிஸ்டர்ல கையெழுத்து போடணும், ரெண்டு தடவைக்கு மேல போனா கேள்வி. அதனால தண்ணியே குடிக்கிறதில்லையாம். அதே ஃப்ளோர்ல இருக்கிற பசங்க டீ குடிக்க கீழ போயிட்டு வருவாங்க, அவங்களுக்கு ரெஜிஸ்டர் கிடையாது.

இதை யார்கிட்ட சொல்றது? வேலை போயிடும்னு அவ பயப்படுறா. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மதுரை_செல்வி:
தங்கச்சி, நான் மதுரைல ஒன்பது வருஷம் சேலை செக்ஷன்ல இருந்தவ. நீ எழுதினதை படிக்கும்போதே எனக்கு குதிகால் வலிக்குது. எங்க காலத்துல ஸ்டூலே கிடையாது, அடுக்குல சாஞ்சாலே சம்பளத்துல பிடிப்பாங்க. நாங்க என்ன செய்வோம்னா கீழ் ரேக்ல சேலை தேடுற மாதிரி குத்த வச்சு உக்காருவோம், மேல நிக்கிறவ மறைச்சுக்குவா, ரெண்டு நிமிஷம், அப்புறம் அவ உக்காருவா நான் நிப்பேன். அதுதான் எங்களுக்கு ரெஸ்ட்டு. தீபாவளி சீசன்ல அதுவும் இல்ல. மாசாமாசம் அந்த மூணு நாள் இருக்கே, நாப்கின் மாத்த போகணும்னா ஆம்பள சூப்பர்வைசர்கிட்ட போய் கேக்கணும், எதுக்கு இப்போன்னு கேப்பாரு, என்னத்த சொல்றது. கேக்காமலே இருந்து தொடையெல்லாம் புண்ணாகி சிறுநீர் தொற்று வந்து ஆஸ்பத்திரில படுத்தவ நான். தங்கச்சிய முதல்ல தண்ணி குடிக்க சொல்லு, கையெழுத்து எத்தனை வேணா விழட்டும்.

பிரபு88:
தப்பா எடுத்துக்காதீங்க, உண்மையிலேயே தெரிஞ்சுக்க தான் கேக்குறேன். ஜவுளிக்கடைல ஆம்பளைங்களும் தான் நிக்கிறாங்க, நானே ரெண்டு வருஷம் சர்ட்டிங் செக்ஷன்ல நின்னிருக்கேன். இது தொழிலாளி பிரச்சனை தானே, இதுல ஆண் பெண் பாகுபாடு எங்க வருது?

மதுரை_செல்வி:
தம்பி, நின்னீங்க சரி. டீக்கு வெளிய போனீங்கள்ல? நாங்க ஒன்பது வருஷத்துல ஒரு நாள் டீக்கடைல நின்னதில்ல. ராத்திரி கடை அடைச்சதும் நீங்க எங்க வேணா போகலாம், எங்கள வேன்ல ஏத்தி ஹாஸ்டல் கேட்டை பூட்டுவாங்க. உங்க கூட சேந்த பையன் நாலு வருஷத்துல ஃப்ளோர் சூப்பர்வைசர் ஆயிருப்பான், எங்க ஃப்ளோர்ல முப்பது பொண்ணுங்க, ஒருத்தி கூட ஆகல. பொண்ணுங்களா பாத்து எடுக்குறதே கம்மி சம்பளத்துக்கு வருவா, எதுத்து பேச மாட்டா, கல்யாணம் ஆனா தானா போயிடுவான்னு தான்.

பிரபு88:
ரெஜிஸ்டர் விஷயம் எங்க கடைலயும் இருந்துச்சு அக்கா, இப்ப யோசிச்சா ஞாபகம் வருது, லேடீஸுக்கு மட்டும் தான். நான் அப்ப அதை கவனிக்கவே இல்ல.

தொழிற்சங்க_ராஜா:
சகோதரி, சட்டம் உங்க பக்கம் தெளிவா இருக்கு. 2021 செப்டம்பர்ல தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் சட்டசபைல மசோதா கொண்டு வந்து, 1947ம் வருஷத்து தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல 22ஏ-னு புது பிரிவு சேத்தாங்க. வேலை பாக்குற எல்லாருக்கும் உக்கார வசதி இருக்கணும், வேலைக்கு நடுவுல வாய்ப்பு கிடைக்கும்போது உக்காந்துக்கணும்னு தான் அதுல இருக்கு. ஆறு பேருக்கு ஒரு ஸ்டூல்னா அது எல்லாருக்கும் இல்ல, உக்காந்தா திட்டுறதும் சட்டத்துக்கு எதிரானது தான்.

புகாரை தொழிலாளர் துறை உதவி ஆய்வாளர் ஆபீஸ்ல கொடுக்கலாம், முதல்வரோட உதவி மைய நம்பர் 1100லயும் பதிவு பண்ணலாம். தங்கச்சி பேருல கொடுக்காதீங்க, நீங்களோ ஒரு சங்கமோ கொடுங்க. "கடைல உக்கார விடல"ன்னு ஒத்த வரில எழுதினா ஆய்வுக்கு வர்றப்போ ஸ்டூலை காட்டி அனுப்பிருவாங்க, அதனால எந்த மாடி, எந்த செக்ஷன், எத்தனை பேர், எத்தனை ஸ்டூல், ஷிப்ட் டைம் எல்லாம் எழுதுங்க, சாயங்காலம் கூட்ட நேரத்துல வந்து பாக்க சொல்லியும் எழுதுங்க.

வேலை போயிடும்ங்கிற பயத்துக்கு ஒண்ணு சொல்றேன். அதே சட்டத்துல 41வது பிரிவு இருக்கு, தொடர்ந்து ஆறு மாசம் வேலை பாத்த ஒருத்தரை தகுந்த காரணம் இல்லாம, ஒரு மாச நோட்டீஸோ அதுக்கு பதிலா சம்பளமோ கொடுக்காம நீக்க முடியாது, நீக்கினா மேல்முறையீடு பண்ணலாம். உங்க தங்கச்சி மூணு வருஷம் இருக்கா. ஆனா அங்க தான் வேலை பாக்குறான்னு ஆதாரம் வேணும், சம்பள ஸ்லிப், ஐடி கார்டு, பிஎஃப் நம்பர் எல்லாத்தையும் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்ப சொல்லுங்க. இஎஸ்ஐ பிடிக்கிறாங்கன்னா கால் நரம்புக்கு இஎஸ்ஐ ஆஸ்பத்திரில காட்டுங்க, டாக்டர் சீட்டு பின்னாடி உதவும்.

கோழிக்கோடு_மீனா:
நான் கோழிக்கோட்டுல இருக்கேன், ஒண்ணு சொல்லணும்னு தோணுது. இந்த உக்கார்ற உரிமை முதல்ல கேரளால 2018ல தான் சட்டமாச்சு, அதுக்கு பின்னாடி இருந்தவங்க இங்க மிட்டாய்த் தெருவுல வேலை பாத்த பொண்ணுங்க. தையல்காரரா இருந்த விஜி, பெண்கூட்டுனு ஒரு அமைப்பு ஆரம்பிச்சு முதல்ல கேட்டது நாற்காலி இல்ல, பாத்ரூம். தெருவுல அத்தனை கடை இருந்தும் பொண்ணுங்க ஒதுங்க இடம் கிடையாது, அவங்களும் உங்க தங்கச்சி மாதிரி தான் தண்ணி குடிக்காம இருந்தாங்க. அதுக்கப்புறம் தான் உக்கார்ற போராட்டம், வருஷக்கணக்கா நடந்துச்சு. 2018ல பிபிசியோட 100 பெண்கள் பட்டியல்ல விஜி பேரு வந்துச்சு. சட்டம் வந்த பிறகும் இங்க எல்லா கடையிலயும் சரியாகிடல, ஆனா ஒருத்தி கேட்டா சோம்பேறின்னு சொல்றவங்களால முப்பது பேர் சேந்து கேட்டா அப்படி சொல்ல முடியறதில்ல. தங்கச்சிகிட்ட சொல்லுங்க, தனியா பேச வேண்டாம், முதல்ல ஹாஸ்டல் ரூம்ல இருக்கிறவங்ககிட்ட பேச சொல்லுங்க.

தென்காசிக்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஆறு மாச விஷயம் எனக்கு தெரியவே தெரியாது. அவ போன் ராத்திரி பத்துக்கு மேல தான் கைக்கு வரும், இன்னைக்கே பேசுறேன். அவ ரூம்ல மட்டும் பதினோரு பேர் இருக்காங்க, அதுல ரெண்டு பேருக்கு இதே நரம்பு பிரச்சனை இருக்குன்னு அவ முன்னாடியே சொல்லியிருக்கா. புகாரை என் பேருலயே எழுதிடுறேன். ராஜா அண்ணா, அந்த பாத்ரூம் ரெஜிஸ்டர்ல ஒரு பக்கத்தை போட்டோ எடுத்து சேத்தா உதவுமா, இல்ல அதனால அவ மாட்டிக்குவாளா?

தொழிற்சங்க_ராஜா:
போட்டோ எடுக்க வேண்டாம், கேமரால தெரிஞ்சா அவ தான் எடுத்தான்னு கண்டுபிடிச்சிருவாங்க. ரெஜிஸ்டர் எந்த மாடில, யாரு கைல இருக்குன்னு புகார்ல எழுதுங்க போதும், ஆய்வுக்கு வர்றவங்க அதை கேட்டு வாங்கி பாக்கட்டும். எழுதின பிறகு அனுப்புறதுக்கு முன்னாடி எனக்கு தனி மெசேஜ்ல போடுங்க, பாத்து திருத்தி தர்றேன்.