மொரிஸ் மைனர் சில் வேலை: எந்த யூடியூப் சேனலை நம்பி வெட்டலாம்?

மாயெபூர் மைனர்:
வணக்கம். 1965 மொரிஸ் மைனர், நான்கு கதவு, 1098 சி.சி. கடற்கரைப் பக்கம் கொட்டகையில் நின்ற வண்டி. இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற தகட்டுப் பகுதி, அதாவது சில், அரித்துப்போயிருக்கிறது. கியர்பாக்ஸுக்கு அடியில் போகும் குறுக்குச் சட்டத்திலும் ஸ்க்ரூடிரைவர் இறங்குகிறது. இருப்பது கேஸ் இல்லாத மிக் வெல்டர் (கம்பியைத் தானே ஊட்டி ஒட்டும் மின் வெல்டர்). யூடியூபில் ஆளுக்கொரு முறை சொல்கிறார்கள், யாரைப் பின்பற்றலாம்? பாசிட்டிவ் எர்த்தையும் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டி உடம்போடு இணைந்திருப்பது) மாற்றச் சொல்கிறார்கள். அது அவசியமா?

கியூர்பிப் தகட்டுவேலை:
கிரைண்டரை எடுக்கும் முன் அளவெடுப்பதையும் முட்டுக் கொடுப்பதையும் காட்டுகிற சேனலைப் பாருங்கள். அதைக் காட்டாத வீடியோவை வைத்துச் சில்லில் கை வைக்காதீர்கள். மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடம்பின் பாரம் சில்லில்தான் நிற்கிறது. முட்டில்லாமல் வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்து, கதவின் மேல் இடைவெளி குறுகும், கீழே விரியும். அந்த நிலையில் புதுத் தகட்டை ஒட்டிவிட்டால் கதவு இனி ஒழுங்காக மூடாது.

கதவுகளைக் கழற்றாமல் வண்டியைச் சமதளத்தில் ஏற்றி, இடைவெளிகள் சரியாக வரும்வரை தாங்கிகளை நகர்த்துங்கள். பிறகு 25 மி.மீ. சதுரக் குழாயை ஒவ்வொரு கதவுவாயிலும் தூணிலிருந்து தூணுக்கு உட்புறமாக ஒட்டுங்கள். கதவு மூடித் திறக்க இடம் இருக்க வேண்டும், ஏனென்றால் வேலை முழுக்க அதை மூடிப் பார்த்துக்கொண்டே இருக்கப் போகிறீர்கள். மூலைவிட்ட அளவுகளைத் தூணிலேயே எழுதிவைத்துவிட்டு ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள்.

தகட்டுவேலைக்குக் கனடாவின் ஃபிட்ஸீஸ் ஃபேப்ரிகேஷன்ஸ் நல்ல சேனல். பெரிய இயந்திரம் இல்லாமல் சாதாரணக் கைக்கருவிகளாலேயே துருப்பிடித்த இடத்துக்குத் தகடு மடித்துக் காட்டுகிறார்கள். ஹேகர்ட்டியின் ரெட்லைன் ரீபில்ட்ஸ் எஞ்சின் வீடியோக்கள் வேகமாக ஓட்டிக் காட்டுபவை. எந்தப் பாகம் எதற்குப் பின் ஏறுகிறது என்று புரியும், போல்ட் இறுக்கும் அளவு கிடைக்காது. அதற்குப் பட்டறைக் கையேடுதான் வேண்டும்.

கேஸ் இல்லாத மிக் உங்கள் இடத்துக்கு உண்மையில் பொருத்தம். கடற்காற்றில் கேஸ் பறந்துபோய் ஒட்டு நுரைத்துவிடும், உள்ளே ஃபிளக்ஸ் பொடி அடைத்த உங்கள் கம்பிக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் டார்ச் நெகட்டிவிலும் எர்த் கிளாம்ப் பாசிட்டிவிலும் இருக்க வேண்டும். கேஸ் மிக் வைத்திருப்பவர்களின் வீடியோவில் இது தலைகீழ். அப்படியே மாட்டினால் பொறி தெறிக்கும், ஒட்டு பிடிக்காது. சில்லுக்கு 1.2 மி.மீ., வெளித்தகட்டுக்கு 0.9 மி.மீ. தகடு போதும். 25 மி.மீ. இடைவெளியில் புள்ளி வைத்து, இடம் மாறி மாறி ஒட்டுங்கள். ஒரே மூச்சில் இழுத்தால் தகடு அலையலையாக வளையும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கூரைக்குப் போடும் நாகம் பூசிய தகடு வேண்டவே வேண்டாம். மெல்லியது என்பதோடு, அதன் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும்.

ரோஸ்ஹில் ஆக்ஸில்:
குறுக்குச் சட்டத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன், இது உயிர் சம்பந்தப்பட்டது. முன்சக்கர டார்ஷன் பார்களின் (முறுக்கி ஸ்பிரிங்காக வேலை செய்யும் நீளக் கம்பிகள்) பின்முனை அந்தச் சட்டத்தில்தான் பிடிபட்டிருக்கிறது. முறுக்கைத் தளர்த்தாமல் சட்டத்தை வெட்டக் கூடாது. முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையை ஜாக்கால் தாங்கி, பாரும் நெம்பும் பொருந்தும் இடத்தில் குறியிட்டு, பிறகுதான் கழற்ற வேண்டும். இடது வலது பார்களை மாற்றிப் போடாதீர்கள், ஒவ்வொன்றும் தன் பக்க முறுக்குக்குப் பழகியது. வெல்டிங் பொறி ஒன்று பாரின் மேல் விழுந்தாலும் அந்தப் புள்ளியிலிருந்து விரிசல் ஓடி முறியக்கூடும், ஆகவே கழற்றித் தள்ளி வையுங்கள். பின் ஸ்பிரிங் பிடிப்பு வரை வேலை போனால், டிக்கி அடியிலிருக்கும் பெட்ரோல் டேங்கையும் முதலில் இறக்கிவிட வேண்டும்.

பாசிட்டிவ் எர்த்தை டைனமோ இருக்கும்வரை விட்டுவிடலாம். ஆல்டர்நேட்டரோ இப்போதைய ரேடியோவோ மாட்டுவதாக இருந்தால்தான் மாற்ற வேண்டும். பேட்டரி வயர்களை மட்டும் மாற்றினால் போதாது. டைனமோவின் இரண்டு வயர்களையும் கழற்றி, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு வயரை டைனமோவில் எஃப் என்று குறித்த முனையில் ஓரிரு விநாடி தொட்டு எடுத்துத் துருவம் மாற்ற வேண்டும். இக்னிஷன் காயிலின் இரண்டு சிறிய வயர்களையும் இடம் மாற்ற வேண்டும், இல்லையென்றால் பொறி பலவீனமாக இருக்கும்.

மாயெபூர் மைனர்:
நன்றி அண்ணா. முன்சக்கரம் திரும்ப உதவும் மறையுள்ள மூட்டான டிரனியனுக்கு எண்ணெய் விடச் சொல்லி ஒரு சேனலில் பார்த்தேன். கையேட்டில் கிரீஸ் என்றிருக்கிறது.

ரோஸ்ஹில் ஆக்ஸில்:
நீங்கள் பார்த்தது டிரையம்ஃப் வண்டி வீடியோவாக இருக்கும், அதற்குத்தான் எண்ணெய். மைனருக்குக் கிரீஸ்தான். சக்கரத்தை ஜாக்கில் தூக்கிப் பாரம் இல்லாமல் அடியுங்கள், பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை. பாரத்தோடு அடித்தால் தேயும் பக்கத்துக்குக் கிரீஸ் போகாது. டிரனியனின் மறை (திருகுப் புரி) தேய்ந்தால் சக்கரம் அப்படியே சரிந்துவிடும், பெரும்பாலும் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக நகரும்போது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது டிரனியனில் ஆட்டம் தெரிந்தால் சில்லுக்கு முன் அதை மாற்றுங்கள்.

கியூர்பிப் தகட்டுவேலை:
வெல்டிங் முடிந்ததும் சில்லுக்குள் துருத்தடுப்பு மெழுகு அடிக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. கடலோர வண்டி என்பதால் உட்குழியை நல்ல தண்ணீரால் அலசி முழுக்கக் காயவிடுங்கள். உப்பு உள்ளே இருந்தால் பாஸ்பாரிக் அமிலத் துருமாற்றி போட்டாலும் அடியில் துரு நடந்துகொண்டேதான் இருக்கும். வடிகால் துளைகளை மெழுகு அடைத்துவிடாமல் கம்பி விட்டுக் குத்திப் பாருங்கள்.