தாண்டிக்குடி மலைத் தோட்டத்துக்கு ஒன்றரை லட்சத்தில் எந்த பைக்?

மிளகுக்கொடி:
தாண்டிக்குடிக்குக் கீழே சரிவில் காப்பியும் மிளகும் போட்டிருக்கிறோம். தார்ச்சாலை முடிந்த இடத்திலிருந்து தோட்டம் வரை ஜீப் தடம்தான். செம்மண், நடுநடுவே மழைத்தண்ணீர் அறுத்த பள்ளம், கடைசியில் உருட்டுக்கல் கிடக்கும் செங்குத்தான ஏற்றம். மூட்டை சுமக்கக் குதிரை இருக்கிறது; நான் போய்வரத்தான் வண்டி இல்லை. கையில் ஒன்றரை லட்சம். என் உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். பழைய வண்டியானாலும் சரி. வத்தலக்குண்டுக்கும் அதிலேயே இறங்க வேண்டும் என்பதால், பதிவெண் வாங்க முடியாத பந்தய வண்டிகளைச் சொல்லாதீர்கள்.

செம்மண்தடம்:
யோசிக்கவே வேண்டாம். ஹீரோவின் பழைய எக்ஸ்பல்ஸ் 200 4வி. முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18, தரை இடைவெளி 220 மில்லிமீட்டர், முன் சஸ்பென்ஷன் 190 மில்லிமீட்டர் அமுங்கும். 2021-இல் வந்த வண்டி. பழையது தாராளமாகக் கிடைக்கிறது. இந்தப் பணத்தில் கல்லிலும் மண்ணிலும் ஓட்டவென்றே செய்த வண்டி வேறு எது?

நீள்பயணி:
எண்களை அடுக்கினால் மேடு ஏறிவிடுமா? 4வி-யின் டார்க், அதாவது எஞ்சினின் திருப்பு விசை, 17.35 நியூட்டன் மீட்டர். ராயல் என்ஃபீல்டின் பழைய ஹிமாலயன் 411-இல் 32. எஞ்சினை அலறவிடாமல் முதல் கியரில் மெதுவாக உருட்டிக்கொண்டே போகலாம். ஏற்றத்தில் வேண்டியது அதுதானே? தேடினால் உங்கள் பணத்துக்குள் கிடைக்கும்.

செம்மண்தடம்:
எடையை மட்டும் ஏன் விழுங்கிவிட்டீர்கள்? ஹிமாலயன் 411 ஏறக்குறைய 200 கிலோ, 4வி ஏறக்குறைய 160. சரிவில் வண்டி பள்ளத்துப் பக்கமாக விழுந்தால் ஹேண்டில் சக்கரத்தைவிடத் தாழ்வாகக் கிடக்கும். சமதளத்தில் தூக்குகிறவரும் அங்கே திணறிவிடுவார். இவர் தனியாகப் போகிறவர். உதவிக்கு யாரைக் கூப்பிடுவார், காட்டெருமையையா?

ஏலக்காய்ச்சாக்கு:
தம்பிகள் இருவரும் லட்சக்கணக்கில் பேசுகிறீர்கள். போடி மலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் எஸ்டேட்டுக்குள் தினமும் ஓடுகிற வண்டி எது என்று போய்ப் பாருங்கள். டிவிஎஸ் மொபெட், எக்ஸ்எல் 100. எடை 90 கிலோகூட இல்லை. விழுந்தால் ஒரே ஆள் நிமிர்த்திவிடலாம். உதிரிபாகம் பட்டிவீரன்பட்டியிலேயே கிடைக்கும். முன்னால் உரமூட்டையும் வைக்கலாம். பணத்தில் பாதிக்கு மேல் மிச்சம். அதை மிளகுக்குப் போடுங்கள்.

நீள்பயணி:
ஐயா, அதன் சக்தி நான்கரைக் குதிரைத்திறன்கூட இல்லை. கியரும் ஒன்றே ஒன்று. உருட்டுக்கல் ஏற்றத்தில் வேகம் விட்டுப்போனால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். அதற்கு அவருடைய குதிரையே மேல்.

ஏலக்காய்ச்சாக்கு:
தள்ளுவதில் என்ன கௌரவக் குறைச்சல்? 90 கிலோவைத் தள்ளலாம். உங்கள் 200 கிலோ வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள், அதையும் எழுதுங்கள்.

அச்சாணி:
அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இவ்வளவு நேரம் இதைத்தான் யாரும் பேசவில்லை. பாதி மேட்டில் எஞ்சின் நின்றால் கை தானாக முன் பிரேக்கைத்தான் பிடிக்கும். ஆனால் ஏற்றத்தில் பாரமெல்லாம் பின்சக்கரத்தில் இருக்கும்; பூட்டிக்கிடக்கும் முன்சக்கரம் கல்லின்மேல் பின்னோக்கிச் சறுக்கும். கியரைப் போட்டபடியே விட்டு, கிளட்சை விட்டுவிட வேண்டும். நின்றுபோன எஞ்சினே பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி வண்டியைக் கீழே இறக்கலாம். எக்ஸ்எல்லில் கிளட்ச் தானியங்கி. எஞ்சின் நின்றால் இந்தப் பிடிப்பு கிடைக்காது. ஐயா சொன்ன விலையும் எடையும் உண்மைதான். ஆனால் அவர் சொல்லும் வண்டிகள் ஓடுவது பெரும்பாலும் திருத்திய எஸ்டேட் பாதையில்.

அப்புறம் டார்க். எஞ்சினில் எவ்வளவு என்பதைவிடப் பின்சக்கரத்துக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று பாருங்கள். செயின் ஓடும் பற்சக்கரத்தில், அதாவது முன் ஸ்ப்ராக்கெட்டில், ஒரு பல் குறைத்தாலோ, பின்னால் இரண்டு மூன்று பல் கூட்டினாலோ 4வி-யின் முதல் கியர் இன்னும் இழுக்கும். தார்ச்சாலையில் உச்ச வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். செலவு சில ஆயிரம். கிளட்சை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டே ஏறித் தகடு தீய்ந்துபோகிற வண்டிகள் பட்டறைக்கு நிறைய வருகின்றன. அதற்கும் இதுவே மருந்து.

புழுதிப்புயல்:
எடைதான் எல்லாம் என்றால் கவாசாகியின் கேஎல்எக்ஸ் 230-ஐ ஏன் யாரும் சொல்லவில்லை? 139 கிலோ. 2024 டிசம்பரில் 3.30 லட்சத்துக்கு வந்தபோது நானே சிரித்தேன். பிறகு இரண்டு லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. 2025 செப்டம்பரில் 350 சிசி வரை ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கடன் வாங்கினால் புது வண்டி.

செம்மண்தடம்:
இருக்கை உயரம் 880 மில்லிமீட்டர். கேட்டவர் ஐந்தடி ஐந்தங்குலம்.

புழுதிப்புயல்:
மண்ணில் ஓட்டுகிறவர்கள் நின்றுகொண்டுதான் ஓட்டுவார்கள். உட்காரும் உயரம் எதற்கு?

அச்சாணி:
ஓடும்போது சரி. நிற்கும்போது? பக்கச் சரிவான தடத்தில் பள்ளத்துப் பக்கம் கால் வைத்தால், அங்கே தரை இன்னும் ஒரு சாண் கீழே இருக்கும். நுனிக்கால் எட்டாமல் போகிற அந்த நொடியில்தான் வண்டி கவிழ்கிறது. நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கு 880 பெரிய விஷயமில்லை. தோட்டத்துக்குப் போய்வர வண்டி தேடுகிறவருக்கு 4வி-யின் 825-ஏ அதிகம். அதனால்தான் அதே வண்டியின் உயரமான வகையான 4வி ப்ரோவையும் வேண்டாம் என்பேன். அதன் இருக்கை 891.

பெட்ரோல்மணம்:
யாருமே யமஹா ஆர்எக்ஸ் 100-ஐச் சொல்லாதது வருத்தம்.

அச்சாணி:
நல்ல வண்டிதான், நூறு கிலோதான். ஆனால் டூ ஸ்ட்ரோக்கில் எஞ்சின் பிரேக், அதாவது ஆக்சிலரேட்டரை விட்டதும் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிப்பது, பெயரளவுக்குத்தான். இறக்கத்தில் டிரம் பிரேக்கையே நம்பி இருக்க வேண்டும். உற்பத்தி 1996-இல் நின்றது. நல்ல நிலையில் இருப்பதற்கு இப்போது கேட்கிற விலை ஏக்கத்துக்கான விலை.

மிளகுக்கொடி:
எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்ன எக்ஸ்எல்லை நினைத்துப் பார்த்தேன், அந்தக் கடைசி ஏற்றம் மட்டும் இல்லையென்றால் அதுதான். திண்டுக்கல்லில் 4வி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. போய் என்ன பார்க்க வேண்டும்? டயரில் காற்றைக் குறைத்து ஓட்டினால் பிடிப்பு கூடும் என்கிறார்களே, உண்மையா?

அச்சாணி:
முதலில் குனிந்து எஞ்சினுக்கு அடியில் இருக்கும் காப்புத் தகட்டைப் பாருங்கள். அது நசுங்கியிருந்தால் வண்டி கல்லில் வாழ்ந்திருக்கிறது. விற்பவர் எவ்வளவுதான் ஆபீஸுக்கு மட்டும் ஓட்டினேன் என்றாலும் நம்பாதீர்கள். முன் ஃபோர்க் குழாயில் எண்ணெய் கசிந்த கோடு இருக்கிறதா, பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா, ஸ்போக்குகள் ஒவ்வொன்றையும் தட்டினால் ஒரே சத்தம் வருகிறதா என்று பாருங்கள்.

காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும், உண்மைதான். ஆனால் உள்ளே ட்யூப். ரொம்பக் குறைத்தால் ஏற்றத்தில் டயர் ரிம்மின்மேல் நழுவிச் சுற்றி, காற்றடிக்கும் வால்வைப் பிய்த்துவிடும். டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் போடாமல் அந்த வேலையே வேண்டாம். கட்டை கட்டையாகப் பூ வைத்த பட்டன் டயர் ஒன்றைப் பின்னால் மாட்டினாலே பாதிக் கவலை தீரும்.

ஏலக்காய்ச்சாக்கு:
வாங்குங்கள் தம்பி. ஆனால் உரமூட்டையை எங்கே வைப்பீர்கள்?

மிளகுக்கொடி:
குதிரைமேல்தான் ஐயா.