கதவு திறப்பதற்கு முன் முடிந்த கதை

சிறார் கதை எழுதிப் பதிப்பகத்துக்குக் கொடுத்தவர்களிடம் ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது இது. எதை மாற்றச் சொன்னார்கள்? மாற்றினீர்களா? என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான கதை. வகுப்பில் இருக்கும் உலக உருண்டையை ஒரு சிறுமி கைதவறி உடைத்துவிடுகிறாள். பழி இன்னொருத்தி மேல் விழுகிறது. இவள் வாய் திறக்கவில்லை. மூன்று நாள் அந்தப் பெண் எல்லோரிடமும் திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நாலாம் நாள் அவள் வீட்டு வாசல் வரை போய், கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறாள். அங்கே முடித்திருந்தேன். தட்டினாளா, திரும்பிப் போனாளா என்பதைப் படிக்கிற குழந்தை யோசிக்கட்டும் என்று விட்டேன்.

பதிப்பாசிரியருக்குக் கதை பிடித்திருந்தது. ஆனால், "கதவு திறக்கட்டும், மன்னிப்பு கேட்கட்டும், மறுநாள் டீச்சர் இவளைப் பாராட்டட்டும். அம்மா அப்பா கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துட்டுத்தான் வாங்குவாங்க" என்றார். அது என் முதல் புத்தகம். மறுத்தால் புத்தகமே வராமல் போய்விடும் என்று பயந்தேன். ஒரே இரவில் அந்தப் பத்தியை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

புத்தகம் வந்த பிறகு குழந்தைகள் கூடிய ஒரு நிகழ்வில் படித்துக் காட்டினேன். ஒரு பையன் கையைத் தூக்கினான், ஒன்பது வயது இருக்கும். "மூணு நாள் திட்டு வாங்கினது அந்தப் பொண்ணு. பாராட்டு மட்டும் ஏன் இவளுக்கு?"

என்னிடம் பதில் இல்லை. அவன் கேள்வி கேட்டது நான் எழுதிய கதையைப் பார்த்து அல்ல, நான் ஒட்டிய பத்தியைப் பார்த்து. இன்றைக்கும் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் கடைசிப் பக்கத்துக்குப் போக மனம் வருவதில்லை.

*

அக்கா, அந்தப் பையன் கேட்டது சரியான கேள்வி. ஆனால் எனக்கு நேர்ந்தது நேர்மாறு. பதிப்பாசிரியர் வெட்டினார், அதனால்தான் புத்தகம் தேறியது.

படக்கதை எழுதியிருந்தேன். படக்கதைக்கு 32 பக்கம்தான் வழக்கமான கணக்கு. ஒரே தாளில் அச்சடித்து மடிக்கிற பக்கங்களின் கட்டுக்கு ஃபாரம் என்று பெயர். 16 பக்கம் ஒரு ஃபாரம் என்றால் இரண்டு ஃபாரம். தலைப்பு, பதிப்பு விவரம் எல்லாம் போக, கதைக்கு எதிரெதிர்ப் பக்கங்களாகப் பன்னிரண்டு, பதினான்கு விரிப்புகள் மிஞ்சும். எனக்கு இது தெரியாது. வானம் என்ன நிறம், சிறுவன் எப்படி நின்றான், முகத்தில் என்ன பயம் என்று எல்லாவற்றையும் எழுதித் தள்ளியிருந்தேன்.

பாதிக்கு மேல் அடித்துத் திருப்பி அனுப்பினார். "இதெல்லாம் ஓவியர் வேலை. நீங்க பக்கம் திருப்புற இடத்தை மட்டும் யோசிங்க" என்று குறிப்பு. கோபம் வந்தது. ஆனாலும் உட்கார்ந்து, வெற்றுத்தாளை மடித்துக் கையால் பக்க எண் போட்டு, வாக்கியங்களை ஒவ்வொன்றாக இடம் மாற்றிப் பார்த்தேன். ‘பெட்டியைத் திறந்தான்’ என்பது வலப்பக்கக் கடைசி வரியாக வந்தபோதுதான் புரிந்தது. உள்ளே என்ன இருந்தது என்பதைக் குழந்தையின் கைதான் திருப்பிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஓவியர் என் கதையில் இல்லாத ஒரு நாய்க்குட்டியை எல்லாப் பக்கத்திலும் வரைந்திருந்தார். முதலில் அதுவும் பிடிக்கவில்லை. படிக்கத் தெரியாத வாண்டுகள் அந்த நாய்க்குட்டியைத் தேடிக்கொண்டே கடைசிப் பக்கம் வரை போனதைக் கண்ணால் பார்த்த பிறகு, அதை நானே எழுதியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

*

என் சண்டை ஒரே ஒரு சொல்லுக்காக. ‘ஏக்கம்’. ஏழு வயதுக் குழந்தைக்குத் தெரியாது, ‘சோகம்’ என்று போடுங்கள் என்றார்கள். சோகம் வேறு, ஏக்கம் வேறு. ஊருக்குப் போன அண்ணனை நினைத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுதிவிட்டேன். அந்த இடத்தில் சொல் தெரியாவிட்டாலும் உணர்வு தெரியும். அதைக் காட்டிப் பேசினேன், விட்டுவிட்டார்கள்.

சொற்கட்டுப்பாடே கெடுதல் என்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்கச் சிறார் எழுத்தாளர் டாக்டர் சூஸ் எழுதி 1957இல் வந்த தொப்பிப் பூனைக் கதையில் (The Cat in the Hat) வெவ்வேறு சொற்கள் மொத்தமே 236. பிறகு பதிப்பாளர் பந்தயம் கட்ட, வெறும் 50 சொற்களில் இன்னொன்று எழுதினார், 1960இல் வந்தது. படிக்கத் தொடங்கும் குழந்தைக்கு அந்தக் கட்டுப்பாடு ஒரு கைப்பிடி. என் கதை பெரியவர் மடியில் உட்கார்ந்து கேட்கிற கதை. கேட்கிற காது படிக்கிற கண்ணைவிட நிறையத் தாங்கும். இந்த வேறுபாட்டைப் பதிப்பகத்தில் பலரும் பார்ப்பதில்லை.

*

உரையாடலைப் பேச்சுவழக்கில் எழுதியிருந்தேன். எழுத்துவழக்குக்கு மாற்றச் சொன்னார்கள். ‘நான் வரமாட்டேன் அம்மா’ என்று மாற்றியதும் என் ஐந்து வயதுக்காரன் ஐம்பது வயதுக்காரனாகிவிட்டான். மாற்றாமல் வேறு இடத்துக்கு அனுப்பினேன். இரண்டு வருடம் ஆனது, ஆனால் அப்படியே வந்தது.

*

நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவள். பதிப்பாசிரியர். படிப்பது குழந்தை, காசு கொடுப்பது பெரியவர். இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் எங்கள் வேலை நடக்கிறது. ‘கதையின் நீதி என்ன’ என்று வாங்குகிறவர் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நாங்கள் இருக்கிறோம்.

சில கோரிக்கைகள் உண்மையிலேயே குழந்தைக்காகத்தான். நாயகனின் வயதைக் கொஞ்சம் கூட்டச் சொல்வது அப்படி. பத்து வயதுக் குழந்தை பன்னிரண்டு வயதுக்காரனின் கதையை ஆசையாகப் படிக்கும், எட்டு வயதுக்காரனின் கதையைச் சின்னப் பிள்ளைகளுக்கு உரியது என்று தள்ளிவிடும். ஆனால் வயதைக் கூட்டினால் பயங்களையும் மாற்ற வேண்டும். வெறும் எண்ணை மாற்றிக் கொடுப்பவர்களின் கதை உடனே தெரிந்துவிடும்.

ஒரு தவறு என் மனதில் இருக்கிறது. வேலை போன அப்பா சமையலறையில் உட்கார்ந்து அழும் காட்சியை எடுத்துவிடச் சொன்னேன். குழந்தைகள் கலங்கிவிடுவார்கள் என்றேன். அந்த எழுத்தாளர் எடுத்துவிட்டார். அச்சான பிறகு படித்துப் பார்த்தபோது, அந்த வீட்டில் ஏன் எல்லோரும் மெதுவாகப் பேசுகிறார்கள் என்பதற்குப் புத்தகத்தில் காரணமே இல்லை. கலங்கியது குழந்தையல்ல, நான்தான்.

இந்தத் தொடரின் முதல் பதிவை எழுதியவருக்கு ஒன்று சொல்கிறேன். மறுபதிப்பின்போது கேளுங்கள். ஒரு பத்தியை எடுப்பது பெரிய வேலை இல்லை. அந்தப் பையனின் கேள்வியை அப்படியே எழுதி அனுப்புங்கள்.

*

முதல் பதிவு எழுதியவள்தான். நன்றி அம்மா. உங்கள் பதிலைப் படித்த அன்றே கடிதம் எழுதினேன். பையனின் கேள்வியை அவன் கேட்டபடியே முதல் வரியில் வைத்தேன். கடைசிப் பத்தியை எடுத்துவிட்டு, கை உயர்ந்த இடத்தில் நிறுத்திய பிரதியையும் சேர்த்து அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை. வந்ததும் இங்கே எழுதுகிறேன்.