மறு: மென்திசு இயக்கம் – நோயாளிக்குப் புரிகிற ஒரு சொல் வேண்டும்

குழும நண்பர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தில் Instrument-Assisted Soft Tissue Mobilization எனப்படும், கருவியால் தசையை அழுத்தி இழுக்கிற சிகிச்சைக்குத் தமிழில் ஒரு பெயர் தேடுகிறோம். அந்த இழையில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> கருவி உதவியிலான மென்திசு இயக்கம். இதில் என்ன குறை கண்டீர்கள்? சொல்லுக்குச் சொல் பொருந்துகிறதே.

பொருந்துகிறது ஐயா, இல்லை என்று சொல்லவில்லை. துண்டறிக்கையில் அதையேதான் முதலில் அடித்து வைத்திருந்தேன். வாங்கிப் பார்த்த பெரியவர் ஒருவர், "மென்திசு இயக்கமா, இது யாரு கட்சி மக்களே?" என்று கேட்டார். களியக்காவிளை முக்கில் ஏதாவது ஓர் இயக்கம் மேடை போட்டுக்கொண்டே இருக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது.

இழையில் இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக: நான் எல்லையை ஒட்டி இயன்முறை மருத்துவம் பார்க்கிறவன். பாறசாலைப் பக்கத்து மலையாளிகளும் வருவார்கள், நம்மவர்களும் வருவார்கள். அடிபட்டு ஆறிய பிறகும் தசை, தசைநாண், தசையுறை இவற்றில் ஒரு பிடிப்பும் வலியும் தங்கிவிடும். அந்த இடத்தில் எண்ணெயோ களிம்போ பூசி, விளிம்பு மழுங்கிய எஃகுக் கருவியைச் சாய்த்துப் பிடித்து அழுத்தி இழுப்போம். அந்தச் சிகிச்சைக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

போன வாரம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற அக்கா ஒருவர் வந்தார். விடியுமுன்னே தொடங்கி, மரத்துக்கு மரம் கத்தியை ஒரே மாதிரி இழுத்து இழுத்து, வலது முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில் தீராத வலி. பால் வாளியைத் தூக்க முடியவில்லை. முன்கையில் தேங்காய் எண்ணெய் தடவி, கருவியை 45 பாகை அளவில் சாய்த்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கி மெதுவாக இழுத்தேன். நல்ல தசைமேல் கருவி வழுக்கிக்கொண்டு போகும். கெட்ட இடம் வந்ததும் நறநறவென்று ஓர் அதிர்வு கைக்கு ஏறும், மணல் கிடக்கிற சிமெண்டுத் தரையில் தட்டை நகர்த்துகிற மாதிரி. அந்த நறநறப்பு அவருக்கும் தெரிந்துவிட்டது. "இதென்ன மக்களே, சிரட்டையில ஒட்டுப்பால் சொரண்டுத மாதிரி இருக்கு!" என்றார்.

எவ்வளவு துல்லியமான சொல்! ஆனால் சுரண்டல் நமக்கு ஆகாது. "கருவிச் சுரண்டல்" என்று பலகை எழுதி வைத்தால், பில் தொகையைத்தான் சொல்கிறேன் என்று நினைப்பார்கள்.

மற்ற முன்மொழிவுகளையும் பார்த்துவிடுவோம். வழித்தல் நல்ல வினை; மாவு வழிக்கிற கையசைவும் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் "கருவிவழித்தல்" என்று சேர்த்தால் "கருவியின் வழியாக" என்றுதான் கண் படிக்கும். போதாததற்கு எங்கள் பக்கம் வழித்தல் என்றால் முகச்சவரம். தடவல் எங்கள் வர்ம ஆசான்களின் சொல், எனக்குப் பிடித்ததுங்கூட. ஆனால் வெளியூரில் மருந்து தடவுவது என்று ஆகிவிடும். உழிச்சில், அதாவது எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுவது, எல்லையின் இரண்டு பக்கமும் புரியும். புரிவதால்தான் சிக்கல்: அதைச் சொன்னதும் ஆள் ஒரு மணி நேர எண்ணெய்க் குளியலுக்குத் தயாராகி வருகிறார், இங்கே ஓர் இடத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கிராஸ்டன் என்று அப்படியே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்ட தம்பிக்கு: அது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர். நீர்ச்சறுக்கலில் முழங்காலைக் கெடுத்துக்கொண்ட டேவிட் கிராஸ்டன் என்ற அமெரிக்கர் தனக்காகச் செய்துபார்த்த கருவிகளிலிருந்து வளர்ந்தது. அவர்களுடையது 6 கருவிகள் கொண்ட தொகுப்பு. என்னிடம் இருப்பது அது இல்லை, அந்தப் பெயரை நான் போட்டால் வழக்கு வரும்.

இப்போது என் கட்சி மாறிய கதை. மூன்று மடலுக்கு முன்னால் "மென்திசு இளக்கல்" என்று நான்தான் முழங்கினேன். வர்ம வைத்தியத்தில் இளக்குமுறை என்று ஒன்று உண்டு. நம் மாவட்டத்துச் சொல் கலைச்சொல்லாகப் போகிறதே என்று ஒரு பெருமை வேறு. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். இளக்கல் என்றால் இளகிவிட்டது என்று வாக்குக் கொடுக்கிறோம். "தழும்பு உடைப்பு" என்று ஒருவர் எழுதியிருந்தாரே, அதிலும் இதே கோளாறு. உண்மையில் உள்ளே என்ன நடக்கிறது? 1997இல் எலிகளின் குதிநாணை நொதி ஏற்றிப் புண்ணாக்கி, கருவியால் அழுத்தி இழுத்துப் பார்த்தார்கள். கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைச் சுரக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் பெருகியிருந்தன. 1999இல் தொடர்ந்து செய்த ஆய்வில், அழுத்தம் கூடக்கூட அவையும் கூடின. சரி, அது எலி. 2016இல் வந்த முறைசார் மீளாய்வு ஒன்று 7 ஆய்வுகளை வைத்துக்கொண்டு பார்த்தது: மூட்டு அசையும் வீச்சு சில நாளுக்குக் கூடுகிறது என்பதற்கு ஓரளவு சான்று உண்டு, நோய் தீர்கிறது என்பதற்குச் சான்று போதாது. என் அனுபவமும் அதையொட்டித்தான். கருவி வலியைக் கொஞ்சம் தணித்து வழி விடுகிறது. அந்த இடைவெளியில் அரைக் கிலோ எடையைப் பிடித்து மணிக்கட்டை மெல்ல இறக்குகிற பயிற்சியை அக்கா வீட்டில் செய்தால்தான் முழங்கை தேறும். அப்படியிருக்க, பெயரிலேயே இளக்கிவிட்டேன், உடைத்துவிட்டேன் என்று சொல்வது எனக்கு உறுத்துகிறது.

நம் பழைய பெயர்களைப் பாருங்கள். சித்த மருத்துவத்தில் உடம்பைப் பிடித்துவிடுகிற தொக்கணத்தில் ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். ஒன்பதும் கை செய்கிற வேலை. பலனைச் சொல்வது ஒன்றுகூட இல்லை. நகரிப் பக்கத்து நண்பர் நினைவூட்டிய, எலும்பு முறிவுக்குப் போடுகிற புத்தூர்க் கட்டும் அப்படித்தான். எலும்பு கூடுமோ கூடாதோ, கட்டினார்கள், அதனால் கட்டு. தோலைக் கருவியால் இழுக்கிற குவா ஷா என்ற வைத்தியத்தில் சீனர்கள் "குவா" என்று சொல்வதும் சுரண்டுவதைத்தான்.

ஆகவே என் வாக்கு: கருவி நீவல். எங்கே எதை என்று விரித்துச் சொல்ல வேண்டிய கட்டுரையில் "கருவிவழி மென்திசு நீவல்".

> நீவல் மென்மையான செயல் ஆயிற்றே? குழந்தைக்கு விக்கல் எடுத்தால் நெஞ்சை நீவுவோம்.

ஒப்புக்கொள்கிறேன் அக்கா. ஆனால் சுளுக்குக்கு நீவி விடுகிறவரிடம் போய்ப் படுத்துப் பாருங்கள், மென்மை தெரியும். ஒரே திசையில், பரப்பை ஒட்டி, அழுத்தி இழுப்பது என்ற பொருள் நீவலில் ஏற்கனவே இருக்கிறது. அழுத்தத்தின் அளவைக் கருவி பார்த்துக்கொள்ளும். சென்னையிலும் புரியும், சித்தூரிலும் புரியும், யாழ்ப்பாணத்திலும் புரியும். அங்கே திசுவை இழையம் என்பார்கள். சுருக்கப் பெயரில் அந்தச் சொல்லே வராததால் அந்தச் சண்டையும் மிச்சம்.

கருவிக்குப் பெயர்தான் இன்னும் அமையவில்லை. நீவுகோல் என்றால் கோல் மாதிரி இல்லை, வளைந்த தகடு மாதிரி இருக்கிறது. "நீவி" என்று சுருக்கினால் முகத்துக்குப் பூசுகிற கிரீம் ஞாபகம் வருகிறது. வருகிறவர்கள் எல்லாரும் "அந்தக் கரண்டி" என்கிறார்கள். நீவுதகடு சரிப்படுமா, சொல்லுங்கள்.

துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கீழே இருப்பது அதன் கடைசிப் பத்தி, மொழியைத் திருத்திக் கொடுத்தால் நல்லது:

"கருவி நீவல் முடிந்த இடம் சிவக்கும். சிலருக்குச் செம்புள்ளி எழும், கன்றிப் போகும். சில நாளில் மாறிவிடும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், காலில் இரத்தக்கட்டி உள்ளவர்கள், ஆறாத புண்ணோ கூடாத எலும்பு முறிவோ உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிடவும்."

கன்றிப் போகும் என்பதா, கன்னிப் போகும் என்பதா? இங்கே எல்லாரும் இரண்டாவதைத்தான் சொல்கிறார்கள்.