பூட்டான்: மக்கள், பிழைப்பு, பண்பாடு

கேள்வி: ‘மகிழ்ச்சியான நாடு’ என்பதைத் தாண்டி பூட்டானைப் பற்றி எதுவும் கண்ணில் படவில்லை. அங்கே வாழ்பவர்கள் யார்? நாட்டுக்கு வருமானம் எங்கிருந்து?

பதில் 1: மக்கள்தொகை 8 லட்சத்துக்கும் குறைவு. மேற்கே ங்காலோப், கிழக்கே சார்ச்சோப், தெற்கே நேபாளி பேசும் லோட்ஷம்பா ஆகிய இனக்குழுக்கள். ஆட்சிமொழி சோங்கா. 1990களில் ஒரு லட்சம் லோட்ஷம்பாக்கள் நேபாள முகாம்களில் அகதிகளானதையும் அவசியம் படியுங்கள். அதை விட்டுவிட்டு அந்த நாட்டைப் புரிந்துகொள்ள முடியாது.

பதில் 2: வருமானத்தின் முதுகெலும்பு நீர்மின்சாரம், வாங்குவது இந்தியா. பெரும்பாலான நிலையங்கள் பெரிய நீர்த்தேக்கம் இல்லாமல் ஆற்றோட்டத்தையே நம்பியவை. மழைக்காலத்தில் மின்சாரம் மிஞ்சும். குளிர்காலத்தில் ஆறு சுருங்கிவிடும். அப்போது விற்ற நாட்டிடமே வாங்க வேண்டியிருக்கிறது. நாணயம் ஙுல்ட்ரம், இந்திய ரூபாய்க்குச் சமமதிப்பு. ரூபாய் அங்கே செல்லும். ஆனால் ஙுல்ட்ரம் எல்லையூர்களைத் தாண்டி இந்தியாவில் செல்லாது, அதனால் திரும்புமுன் மாற்றிவிடுங்கள்.

பதில் 3: ஆண்கள் உடுத்துவது கோ, பெண்களுக்கு கிரா. அரசு அலுவலகங்களில் இது கட்டாயம். சாப்பாட்டில் எமா தட்ஷி: மிளகாயும் பாலாடைக்கட்டியும். மிளகாய் அங்கே காரத்துக்கல்ல, அதுவேதான் காய்! தேசிய விளையாட்டு வில்வித்தை. இலக்கு சுமார் 145 மீட்டர் தூரத்தில்.